சுவரை மூடும் முன்...

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், ரீயூனியன் மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஹாஸ்டல் ஞாபகம், மெஸ் சாம்பார் எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க. நீங்க வேற ஏதாவது எழுதுங்களேன்" என்றார் ஒரு தம்பி. மெஸ் சாம்பாரைப் பற்றிச் சொல்ல எனக்கும் நிறைய உண்டு. ஆனால் அதைத் திட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம் செட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே முப்பது வருஷம் எனக்குச் சோறு போட்ட தொழிலைப் பற்றி, அதன் சரித்திரத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இதில் என்னுடைய தவறு ஒன்றும் வருகிறது. அதை எழுதத்தான் இத்தனையும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

1975 ஜூலை. நாங்கள் நாலாம் வருஷத்தில் காலடி வைத்த நேரம். மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடி எல்.ஐ.சி. தீப்பிடித்துவிட்டது என்ற செய்தி ஹாஸ்டலுக்கு வந்தது. அன்றைய மதராஸில் உயரம் என்றால் அதுதான். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அழைத்துப் போய் அண்ணாந்து பார்க்க வைத்த கட்டடம். மறுநாள் பஸ் பிடித்து ஒரு கூட்டமாகப் போனோம். ஜன்னல்களுக்கு மேலெல்லாம் கரி ஏறி, கண்மை கலைந்த முகம் மாதிரி நின்றது. ஆனால் நின்றது! சிவில் மாணவர்களான எங்களுக்கு ஒரே பெருமை. "பார்த்தியா, கான்கிரீட்!" என்று ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த வாரம் வகுப்பில் எங்கள் பேராசிரியர் கேட்டார்: "போய்ப் பார்த்தீங்களாமே? கான்கிரீட் நிக்குது, சரி. தீ எந்த வழியா மேல போச்சுன்னு பார்த்தீங்களாய்யா?"

விழித்தோம்.

"அதைப் பார்க்கலையா? அப்ப எதுக்குய்யா பஸ் சார்ஜ் தண்டம்? தீயும் நம்மளை மாதிரிதான். வழி இருந்தா போகும். வழியைப் பார்க்கறவன்தான் இன்ஜினியர்."

அன்று சிரித்துவிட்டு மறந்துபோனோம். பிற்பாடு இங்கிலாந்தில் மேல்படிப்பு முடித்து, தென்பகுதியில் ஒரு கவுன்சிலில் பில்டிங் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. அந்த ஊரில் வீடு கட்டுகிறவர் பிளான் கொடுத்தால் மட்டும் போதாது. அஸ்திவாரம், வடிகால், கூரை என்று ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

ஹூக் போட்ட கயிறு

1666 செப்டம்பர் 2-ம் தேதி அதிகாலை. லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில் புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவரின் ரொட்டிக் கடையில் தீ பிடித்தது. அன்றைய லண்டன் பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள்தான். கீழே குறுகலாகவும் மேல் மாடிகள் தெருவைப் பார்த்து ஒன்றன்மேல் ஒன்று நீட்டிக்கொண்டும் இருக்கும். எதிரெதிர் வீட்டு மாடிகளில் இருப்பவர்கள் எட்டினால் கைகுலுக்கலாம் என்கிற மாதிரி. கோடையில் காய்ந்த மரம், நல்ல கீழ்க்காற்று... கேட்க வேண்டுமா? அக்கம் பக்கத்து வீடுகளை உடனே இடித்துத் தீக்கு இடைவெளி உண்டாக்க வேண்டும் என்றார்கள். நகர மேயர் தயங்கினார். நான்கு நாளில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் போயின. பதிவான உயிரிழப்பு மிகக் குறைவு என்பதுதான் அதிசயம்.

சட்டமே இல்லாமல் இருந்ததா என்றால், இல்லை. 1189-லேயே பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் மூன்றடி கனத்தில் கல் சுவர் எழுப்புவதற்கு லண்டனில் விதி எழுதியிருந்தார்கள். 1212-ல் ஒரு பெரிய தீக்குப் பிறகு கீற்று, நாணல் கூரைகளைத் தடை செய்தார்கள். ஏட்டில் எல்லாம் இருந்தது. நானூறு வருஷத்தில் ஊர் பெருத்தது, விதி தேய்ந்தது.

1667-ல் புதுச் சட்டம் வந்தது. வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோதான் இருக்க வேண்டும். சந்துகளில் இரண்டு அடுக்கு, நல்ல தெருக்களில் மூன்று, ராஜ வீதிகளில் நாலு அடுக்கு என்று வரம்பு. ஒவ்வொரு வகைக்கும் சுவர் கனம் இத்தனை என்று கணக்கு. தெருவுக்கு மேல் மாடி நீட்டக்கூடாது. இன்னொன்றும் சேர்த்தார்கள். விதிப்படி கட்டுகிறார்களா என்று நேரில் பார்க்க விஷயம் தெரிந்த ஆட்களைப் போடச் சொன்னார்கள். எரிந்த நகரத்தை அளந்து, எல்லை பிரித்து, அஸ்திவாரக் கோடு போட்டுக் கொடுக்க நகரம் நியமித்த சர்வேயர்களில் ஒருவர் யார் தெரியுமா? ராபர்ட் ஹூக்! ஸ்பிரிங்கை இழுத்து நம்மையெல்லாம் ஃபர்ஸ்ட் இயரில் இழுத்தடித்த அதே ஹூக்ஸ் லா ஹூக்தான். சாம்பல் மேட்டில் முளையடித்துக் கயிறு கட்டித் திரிந்திருக்கிறார். சர்வே கேம்ப்பில் வெயிலில் நின்று முணுமுணுத்த நம் எல்லோருக்கும் அவர் மூத்த அண்ணன்!

அதோடு நிற்கவில்லை. 1707-ல் கூரை விளிம்பில் மர வேலைப்பாடு கூடாது, சுவரைக் கூரைக்கு மேலே கைப்பிடிச் சுவராக எழுப்ப வேண்டும் என்றார்கள். 1709-ல் ஜன்னல் மரச்சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து நாலு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார்கள். இன்றும் லண்டன் பழைய வீடுகளில் ஜன்னல் பதுங்கி உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகு. ஆனால் அது அழகுக்காக வந்தது அல்ல. கீழ் ஜன்னல் வழியாக வரும் ஜுவாலை மேல் ஜன்னல் மரத்தைத் தொடக்கூடாது என்பதற்காக வந்தது. நம் பேராசிரியர் சொன்ன அதே 'வழி'தான். அதை ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறார்கள்.

உள்ளேயே இரு

அடுத்து ஒரு பெரிய தாவு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். கவுன்சில்கள் அடுக்குமாடியாக எழுப்பித் தள்ளின. இருபது மாடிக்கு ஏணி எட்டாது. அத்தனை பேரும் ஒரே படிக்கட்டில் இறங்கினால் மிதிபட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். என்ன செய்வது?

1962-ல் 80 அடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு வந்த பிரிட்டிஷ் நெறிமுறை ஒரு வழி காட்டியது. ஒவ்வொரு வீட்டையும் ஒரு கான்கிரீட் டப்பாவாக நினை. சுவர், தளம், கதவு எல்லாம் தீயைக் குறைந்தது ஒரு மணி நேர அளவுக்கு உள்ளேயே அடைத்து வைக்கட்டும். அதற்குள் தீயணைப்புப் படை வந்துவிடும். மற்ற வீட்டுக்காரர்கள் ஓட வேண்டாம், அவரவர் வீட்டில் இருக்கலாம். இதைத்தான் 'உள்ளேயே இரு' கொள்கை என்பார்கள். வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்கான அடுக்களைத் தீக்களில் இது சரியாகவே வேலை செய்தது. பக்கத்து வீட்டில் எரிந்து அணைந்தது காலையில்தான் தெரிந்தது என்று சொன்னவர்களை நானே சந்தித்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கொள்கை ஒரே ஒரு ஆணியில் தொங்குகிறது. டப்பா டப்பாவாக இருக்க வேண்டும்! குழாய்க்காரர் ஒரு ஓட்டை போட்டு அடைக்காமல் போனாலும், கதவைத் தானே மூடும் ஸ்பிரிங் உடைந்தாலும், டப்பா ஓட்டை. அப்போது 'உள்ளேயே இரு' என்று சொல்வது கொலைக்குச் சமம்.

1968 மே 16. கிழக்கு லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 18-வது மாடியில் காலையில் டீ போட ஒரு அம்மாள் அடுப்பைப் பற்றவைத்தார். கேஸ் கசிந்திருந்தது. வெடித்ததில் சுவர்ப் பலகை ஒன்று வெளியே தள்ளிப் போக, அதன் மேல் உட்கார்ந்திருந்த மாடிகள் சரிந்து, கீழ் மாடிகளையும் சீட்டுக்கட்டு மாதிரி அந்த மூலையோடு இழுத்துக்கொண்டு போயின. நால்வர் இறந்தார்கள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். தொழிற்சாலையில் வார்த்த பலகைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து நிறுத்திய கட்டடம் அது. பலகை பலம்தான். பலவீனம் சேர்மானத்தில். 1980-களில் அதைப் பிரித்து இறக்கியபோது, கலவை இருக்க வேண்டிய மூட்டுகளில் சில இடத்தில் குப்பையும் காகிதமும் இருந்தன. மூடிய பிறகு யாருக்குத் தெரியும்?

செங்கல் சட்டை போட்ட மரம்

இப்போது மரத்துக்கு வருகிறேன். 'மரம் என்றாலே ஆபத்து' என்று நினைக்க வேண்டாம். கனமான உத்தரம் எரியும்போது மேலே கரி படிந்து, அந்தக் கரியே உள் மரத்துக்குப் போர்வையாகிறது. மிருதுவான ஊசியிலை மரம்கூட நிமிஷத்துக்கு ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான் கரியும். மணிக்கு 40 மில்லிமீட்டர். உத்தரத்தை அதற்கேற்பப் பெரிதாகப் போட்டால் கணக்குப் போட்டே காப்பாற்றலாம். வெறும் இரும்பு உத்தரமோ சூடேறியதும் துவண்டுவிடும்.

வம்பு மெல்லிய சட்டங்களில் வருகிறது. இன்றைய பிரிட்டிஷ் மரச்சட்ட வீடு பார்ப்பதற்குச் செங்கல் வீடு மாதிரியே இருக்கும். தட்டினால் செங்கல்தான். ஆனால் பாரத்தைத் தாங்குவது அது அல்ல. உள்ளே ரீப்பர் மாதிரி மெல்லிய மரச்சட்டங்கள், அதன் மேல் மரத்தகடு, பிறகு 50 மில்லிமீட்டர் வெற்றிடம், அதற்கு வெளியே சட்டை மாதிரி ஒற்றைச் செங்கல் வரி. அறைப் பக்கம் ஜிப்சம் போர்டு. இந்த ஜிப்சம் போர்டு ஒரு நல்ல காவல்காரன். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், கல்லோடு கல்லாகக் கலந்து இருக்கிறது. தீ சுட்டால் முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதுவரை போர்டுக்குப் பின்னால் ஏறக்குறைய கொதிநீர்ச் சூட்டுக்கு மேல் ஏறாது. மரம் பிழைக்கும்.

ஆனால் தீ போர்டைச் சுற்றிக்கொண்டு அந்த 50 மில்லிமீட்டர் வெற்றிடத்துக்குள் நுழைந்துவிட்டால்? அது புகைபோக்கி. ஒடுக்கமான இடத்தில் ஜுவாலை காற்றைத் தேடி ஐந்து முதல் பத்து மடங்குவரை நீளும். வெளியே நிற்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் அடித்தாலும் செங்கல்மேல்தான் படும். இதைத் தடுக்க ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும், வீட்டுக்கு வீடு எல்லையிலும் அந்த வெற்றிடத்தைக் கம்பளி மாதிரியான கனிம நாரால் அடைக்க வேண்டும். கேவிட்டி பேரியர் என்று பெயர். பார்க்க ஒரு தலையணை உறை மாதிரி. விலை சொற்பம். செங்கல் வரி ஏறிவிட்டால் அது இருக்கிறதா, இல்லையா, நழுவிவிட்டதா என்று யாரும் பார்க்க முடியாது.

1999-ல் பெட்ஃபோர்டு பக்கம் கார்டிங்டனில், ஆகாயக் கப்பல் நிறுத்தக் கட்டிய பழைய கூடத்துக்குள் ஆறு மாடி மரச்சட்டக் கட்டடம் ஒன்றை எழுப்பி ஒரு வீட்டுக்குத் தீ வைத்துச் சோதித்தார்கள். சோதனை வெற்றி. தீ வீட்டுக்குள்ளேயே நின்றது. அணைத்துவிட்டுப் போன பிறகு சுவரின் வெற்றிடத்துக்குள் கனன்றுகொண்டிருந்த நெருப்பு மறுபடி கிளம்பியது! நிபுணர்களே அணைந்ததாக நினைத்த நெருப்பு அது.

என் கையெழுத்து

இப்போது என் கதை. 1994-ல் என் எல்லைக்குள் மூன்று மாடி மரச்சட்டக் குடியிருப்பு ஒன்று எழும்பியது. அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசில் ஆள் குறைவு. 1985 முதலே தனியார் இன்ஸ்பெக்டர்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. கட்டுகிறவரே தன்னைச் சோதிப்பவரைத் தேர்ந்தெடுக்கலாம். கண்டிப்பாக இருந்தால் வேலை நம்மிடம் வராது, ஆபீஸ் வருமானம் போய்விடும் என்ற பயம் மேலிடத்தில் இருந்தது. விதி எழுதும் பாணியும் அதே 1985-ல் மாறியிருந்தது. முன்பு 'இத்தனை கனம், இத்தனை நேரம்' என்று இருந்ததற்குப் பதில் 'போதுமான அளவு தீயைத் தடுக்க வேண்டும்' என்று வந்தது. எவ்வளவு போதும் என்பது வழிகாட்டிப் புத்தகத்தைப் படிப்பவர் கையில்.

இதெல்லாம் காரணம்தான். சாக்கு இல்லை. நான் போன அன்று மழை, குளிர். சாரம் வழுக்கியது. ஃபோர்மேன் நல்ல மனுஷன். சூடாக டீ கொடுத்தார். கீழ்த்தளத்தில் இரண்டு இடம் பார்த்தேன். தடுப்பு அழகாக வைத்திருந்தார்கள். "மேலேயும் இதே மாதிரிதான் சார்" என்றார். மேலே செங்கல் பாதி ஏறியிருந்தது. ஏறிப் போய்ப் பார்த்திருக்கலாம். நாலு செங்கல்லைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். நான் டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

2008-ல் மேல் வீடு ஒன்றில் தண்ணீர்க் கசிவு. சுவரைத் திறந்தார்கள். மூன்றாம் தளத்தில் தடுப்பு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தளத்தில் சில இடங்களில் அறுந்து கீழே விழுந்து கிடந்தது. பழைய ஃபைலை எடுத்தார்கள். நானேதான் எடுத்துக் கொடுத்தேன். 'பரிசோதிக்கப்பட்டது. திருப்தி' என்று என் கையெழுத்து. பதினாலு வருஷம் அந்தக் கட்டடத்தில் குடும்பங்கள் தூங்கி எழுந்திருக்கின்றன. குழந்தைகள் பிறந்து ஸ்கூலுக்குப் போயிருக்கின்றன. ஒருநாள் ஒரு டோஸ்டர் தீப்பிடித்திருந்தால்?

பிடிக்கவில்லை. சரி செய்தார்கள். யாருக்கும் காயமில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். ஆனால் அன்று ராத்திரி நம் பேராசிரியர் முகம் வந்தது. "எதுக்குய்யா பஸ் சார்ஜ் தண்டம்?"

எனக்கு அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அது இருப்பதில்லை.

புதுச் சட்டை, பழைய உடம்பு

1960-70-களில் கட்டிய கோபுரங்கள் குளிரில் நடுங்கின. பூஞ்சணம் பிடித்தது. அவற்றுக்கு வெளியே வெப்பக்காப்பும், அதன் மேல் பளபளவென்று தகடும் போர்த்தும் வழக்கம் வந்தது. கிளாடிங் என்பார்கள். சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில்? ஆமாம், வெற்றிடம்!

1991-ல் லிவர்பூல் பக்கத்தில் நோஸ்லி ஹைட்ஸ் என்ற 11 மாடிக் கட்டடத்தில் கீழே யாரோ வைத்த தீ, தகட்டுக்குப் பின்னாலிருந்த வெற்றிடம் வழியே உச்சிவரை ஏறியது. யாரும் சாகவில்லை, செய்தியும் பெரிதாகவில்லை. 1999-ல் ஸ்காட்லாந்தின் இர்வின் நகரில் கார்னாக் கோர்ட்டில் வெளிப்பக்கம் வழியாக மாடி மாடியாகத் தீ ஏறியது. ஒருவர் இறந்தார். பார்லிமென்ட் கமிட்டி விசாரித்தது. 2009 ஜூலை 3-ல் லண்டன் கேம்பர்வெல் பகுதியில் லக்கனால் ஹவுஸ், 14 மாடி. 9-வது மாடியில் ஒரு டெலிவிஷன் பெட்டியில் பிடித்த தீ. சில வருஷம் முன்பு ஜன்னலுக்குக் கீழே மாற்றிய புதுப் பலகைகள் சில நிமிஷத்தில் எரிந்து தீக்கு வழிவிட்டன. மூன்று பெண்கள், மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அவர்களுக்கும் 'உள்ளேயே இருங்கள்' என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். 2013-ல் விசாரணை முடிவில் தீ விதிப் புத்தகத்தைத் தெளிவாகத் திருத்துங்கள் என்று கடிதம் போனது. திருத்தம் வரவில்லை.

2017 ஜூன் 14. நான் ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தேன். விடியற்காலை என் மனைவி எழுப்பினாள். "டி.வி.யைப் பாருங்க. லண்டன்ல ஒரு கட்டடம் முழுசா எரியுது." மேற்கு லண்டனில் கிரென்ஃபெல் டவர். 1974-ல் கட்டியது, 24 மாடி, ஒரே படிக்கட்டு. 2016-ல்தான் புதுச் சட்டை போட்டு முடித்திருந்தார்கள்.

நள்ளிரவு 12.54-க்கு முதல் போன். நாலாவது மாடியில் ஒரு வீட்டுப் ஃப்ரிட்ஜ். தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், அடுக்களைக்குள் போனார்கள். சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் தீ ஜன்னல் ஓரம் வழியாக வெளியே சட்டைக்குத் தாவிவிட்டது. அந்தத் தகடு என்ன தெரியுமா? அரை மில்லிமீட்டர் அலுமினியம் இரண்டு, நடுவில் மூன்று மில்லிமீட்டர் பாலிஎத்திலீன். சாண்ட்விச். எடைக்கு எடை மரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சூடு தரும் பிளாஸ்டிக் அது. உருகிச் சொட்டும், சொட்டிய இடமும் எரியும். அதன் பின்னாலிருந்த வெப்பக்காப்பு நுரையும் எரியக்கூடியதே. ஜன்னலைச் சுற்றித் தடுப்புகள் சரியாக இல்லை. சுமார் இருபது நிமிஷத்தில் தீ உச்சியைத் தொட்டது. 'உள்ளேயே இருங்கள்' என்ற ஆலோசனையைக் கைவிட்டது 2.47-க்கு. அதற்குள் அந்த ஒரே படிக்கட்டில் புகை. 72 பேர் இறந்தார்கள்.

டி.வி. முன்னால் நான் எழுந்திருக்கவே இல்லை. டீ ஆறிப்போனது. "ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டாள். 1994-ன் டீ ஞாபகம் வந்தது என்று எப்படிச் சொல்வது?

நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் விசாரணை நடந்தது. முதல் அறிக்கை 2019-ல், முடிவான அறிக்கை 2024 செப்டம்பர் 4-ல். அத்தனை சாவும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று சொன்னது. தகடும் நுரையும் விற்ற கம்பெனிகளின் நாணயமின்மை, பல வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்ட அரசு, கவனக்குறைவான வடிவமைப்பாளர், கட்டியவர் என்று வரிசையாக வந்தது. அந்த வரிசையில் கட்டட ஆய்வுப் பிரிவும் இருந்தது. என் தொழில்.

மரத்துக்கும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. 2019 செப்டம்பர் 9, தென் லண்டன் ஊஸ்டர் பார்க்கில் ரிச்மண்ட் ஹவுஸ். நாலு மாடி, 23 வீடுகள், மரச்சட்டம். ராத்திரி பிடித்த தீ சுவரின் வெற்றிடம் வழியே ஓடிக் கட்டடத்தையே தரைமட்டமாக்கியது. இருக்க வேண்டிய தடுப்புகள் பல இடங்களில் இல்லை, இருந்தவையும் சரியில்லை. ஒருவரும் சாகவில்லை. ஏன் தெரியுமா? யாரும் உள்ளேயே இருக்கவில்லை. ஒருவரை ஒருவர் கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நாளிதழில் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் 1994 கட்டடத்தைத்தான் பார்த்தேன்.

தம்பி தங்கைகளுக்கு

இதற்குப் பிறகு விதிகள் வந்தன. 2018 டிசம்பரில் இங்கிலாந்தில் 18 மீட்டருக்கு மேற்பட்ட புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருளுக்குத் தடை. 2020 முதல் 11 மீட்டருக்கு மேற்பட்ட புது அடுக்குமாடிகளுக்கு ஸ்பிரிங்க்ளர். 2022-ல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம். உயரமான குடியிருப்புகளுக்கு ஒழுங்குமுறை அதிகாரி பிளானை ஏற்காமல் வேலை தொடங்கக்கூடாது, முடிந்ததும் சான்று இல்லாமல் குடிபோகக்கூடாது, உள்ளே என்ன வைத்தோம் என்ற ஆதாரத்தைக் கட்டடம் இருக்கும்வரை பாதுகாக்க வேண்டும், தன் எல்லைக்குள் சோதிப்பவரைக் கட்டுகிறவரே தேர்ந்தெடுக்க முடியாது. 2024-ல் வெளியிட்ட திருத்தம் 18 மீட்டருக்கு மேல் இரண்டாவது படிக்கட்டைக் கேட்கிறது. நல்ல விதிகள். 1667-ன் விதிகளும் நல்லவைதான். 1189-ன் விதியும் நல்லதுதான்.

'அது லண்டன் சமாச்சாரம், நமக்கென்ன? நம்மூர் கான்கிரீட்டாச்சே' என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் முதல் வடிவமைப்பே லண்டன் ஆர்க்கிடெக்ட்கள் போட்டதுதான்! கண்ணாடியும் தகடும் போர்த்தும் நாகரிகம் இன்று நம்மூரிலும் வந்தாயிற்று.

போன வருஷம் சென்னை வந்தபோது என் தங்கை வீட்டில் தங்கினேன். 19-வது மாடி. காற்று அமோகம். "அண்ணா, தீ கீ பிடிச்சா லிஃப்ட்ல இறங்கலாமா?" என்று கேட்டாள். "லிஃப்டைத் தொடாதே. வா, படிக்கட்டைப் பார்ப்போம்" என்று இரண்டு பேரும் மேலிருந்து கீழே நடந்து இறங்கினோம். நாலு மாடிகளில் தீத்தடுப்புக் கதவைத் திறந்து வைக்கப் பூந்தொட்டி முட்டுக் கொடுத்திருந்தார்கள். காற்றோட்டத்துக்காம். ரெஃப்யூஜ் ஏரியா என்று பிளானில் போட்ட இடத்தில் பழைய கட்டில், சைக்கிள், ஒரு நவராத்திரி கொலுப்படி. ஹோஸ் பெட்டியில் ஹோஸ் இருந்தது, பூட்டும் இருந்தது, சாவி இல்லை. கேபிள் போன ஓட்டைகள் மாடிக்கு மாடி திறந்தபடி. கான்கிரீட் எல்லாம் முதல் தரம். வழியோ விரியத் திறந்து கிடந்தது. அசோசியேஷன் செக்ரட்டரியிடம் பேசினோம். ஒரு மாதத்தில் பூந்தொட்டி நகர்ந்தது, சாவி வந்தது, ஓட்டைகள் அடைபட்டன. கொலுப்படி மட்டும் நவராத்திரி வரை அவகாசம் கேட்டது!

ஆகவே நம் கல்லூரியில் இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கிழவன் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கோட் புத்தகத்தைப் படியுங்கள், அது செத்தவர்கள் எழுதிய புத்தகம். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு குடும்பம் இருக்கிறது. ஆனால் புத்தகம் சுவருக்குள் எட்டிப் பார்க்காது. நீங்கள்தான் பார்க்க வேண்டும். மூடப்போகிற எதையும் மூடும் முன் பாருங்கள். நேரமில்லை என்றால் கையெழுத்தை மறுநாள் போடுங்கள். படம் எடுத்து வையுங்கள், இப்போதுதான் எல்லோர் பையிலும் கேமரா இருக்கிறதே. "மேலேயும் இதே மாதிரிதான் சார்" என்று யாராவது சொன்னால், டீயைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறுங்கள்.

நம் பேராசிரியர் இன்று இல்லை. இருந்திருந்தால் இந்த மலரை அவர் கையில் கொடுத்து, "சார், லேட்டா பார்த்தேன். ஆனா பார்த்துட்டேன்" என்று சொல்லியிருப்பேன்.

ரீயூனியனுக்கு வரும் அத்தனை நண்பர்களையும் காண ஆவலாக இருக்கிறேன். ஹாலுக்குள் நுழைந்ததும் முதலில் எக்ஸிட் எங்கே என்று தேடிக்கொண்டு ஒருவன் நிற்பான். அது நான்தான். வந்து கைகுலுக்குங்கள்!

– ஒரு பழைய மாணவன், பி.ஈ. (சிவில்), 1972–77